கடைசிப் பக்கத்துப் பிள்ளைகள்

என் வயதுக்காரர்களே, உங்கள் வீடுகளிலும் இது நடக்கும். இளையவர்கள் போனில் ஜப்பான் கார்ட்டூன் பார்ப்பார்கள். நாம் ஒன்றும் விளங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். போன விடுமுறைக்கு வந்த என் தம்பியின் மகள் அப்படி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தேன். முகத்தில் பாதி கண்ணாகவே இருக்கிற ஒரு பெண்பிள்ளை. கறுப்பு விழிக்குள் இரண்டு மூன்று வெளிச்சப் பொட்டுகள். இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக.

“இந்தக் கண்ணை எனக்குத் தெரியும்” என்றேன்.

“மாமி, இது போன வருசம்தான் வந்தது” என்று சிரித்தாள்.

எனக்குத் தெரிந்த கண் அதைவிட எத்தனையோ பழையது. களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீட்டுப் பின்னறைக் கட்டிலுக்குக் கீழே, ஒரு தகரப் பெட்டிக்குள், பூச்சி உருண்டை வாசத்தோடு கிடந்தது. அந்தப் பெட்டி மலாயாச் சின்னம்மாவுடையது.

சின்னம்மா என் அம்மாவின் சித்தப்பா மகள். அவவின் தகப்பன் ரயில் வேலைக்கென்று மலாயா போய் அங்கேயே குடும்பமாகி, அங்கேயே செத்தார். தாயும் போன பிறகு, சண்டை முடிந்து சில வருடங்கள் கழித்து, சின்னம்மா ஒரு பெட்டியோடும் ஒரு தையல் மெசினோடும் எங்களிடம் வந்து சேர்ந்தா. நான் சொல்லப்போகிற மாரி காலத்தில் அவவுக்கு முப்பது வயதிருக்கும். எனக்குப் பதினொன்று. அவ ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பா. தேத்தண்ணிக்குப் பால் விடமாட்டா. எங்களைப்போல ‘ஓம்’ சொல்லாமல் ‘ஆமாங்க’ என்பா. அதற்கே ஒழுங்கையில் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

பெரியவர்கள் சிரிக்கவில்லை. அவர்கள் வேறொன்றைக் கதைத்தார்கள். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் சின்னம்மா குமரியாக அங்கே இருந்தவ. அவவின் பெட்டிக்குள் ஜப்பான் புத்தகங்கள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து ஊர் ஒரு கதை செய்து வைத்திருந்தது. எந்த ஜப்பான்காரன் தந்தான், எதற்குத் தந்தான் என்ற கதை. நாங்கள் உள்ளே வந்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும்.

அம்மாவும் அதை நம்பினா என்பது இப்போது எனக்கு விளங்குகிறது. ஜப்பான் என்ற சொல்லையே அவவுக்குப் பிடிக்காது. சண்டைக்காலத்தில் எங்கள் கடலுக்கு வெளியே ஜப்பான் விமானங்கள் ஒரு பெரிய கப்பலைக் குண்டு போட்டுத் தாட்டதை உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள். குண்டுச் சத்தத்தில் ஊர் முழுக்க வாவியைக் கடந்து படுவான்கரைக்கு ஓடியதாம். அந்த ஓட்டத்தில் அம்மாவும் ஓடியிருக்கிறா, வயிற்றில் பிள்ளையோடு. எனக்கு மூத்தது ஒன்று தங்காமல் போனது அப்போதுதான். இது எனக்குத் தெரியவந்தபோது எனக்கே பிள்ளைகள் பிறந்துவிட்டன.

அந்த மாரி கடும் மாரி. வாவி நிரம்பி, வயல்வட்டை எது வாவி எது என்று தெரியாமல் போனது. பள்ளிக்கூடமும் இல்லை. மழைக்கு முந்தி எங்கள் வீட்டுக்கு வந்த மச்சாள், அப்பாவின் தங்கச்சி மகள், திரும்பிப் போக வழியில்லாமல் எங்களோடேயே நின்றாள். இரண்டு பேரும் வீட்டுக்குள் அடைபட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, ஒரு பின்நேரம் சின்னம்மா கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தா.

“கையைக் கழுவிட்டு வாங்க ரெண்டு பேரும்” என்றா.

ஐந்து புத்தகங்கள். மேலட்டையில் அந்தக் கண்கள். கழுத்தோடு வெட்டின தலைமயிர், ரிப்பன், கையில் ஏதோ ஒரு ஊதாப்பூ. பார்த்தால் காய்ச்சல் வந்து எழும்பின பிள்ளைபோல மெலிவு. எங்களுக்கு அந்த மெலிவும் அழகாகத்தான் தெரிந்தது. மச்சாள் உடனே தன் கண்ணை விரித்துப் பார்த்தாள். தாளுக்கு ஒரு மணம் இருந்தது. அரிசித் தவிட்டுக்கும் மருந்துக்கும் நடுவில் ஒரு மணம். எழுத்துகள் மேலிருந்து கீழாக இறங்கின. புத்தகமே பின்னாலிருந்துதான் தொடங்கியது.

ஒன்றுக்குள் நாலாக எட்டாக மடித்த ஒரு பெரிய தாள் இருந்தது. சின்னம்மா அதைப் பாயில் விரித்தா. கட்டங்கட்டமாக ஒரு விளையாட்டு. புது வருடப் புத்தகத்தோடு சும்மா கொடுப்பதாம். ஒரு கட்டத்தில் பிள்ளை பல்லுத் தீட்டுகிறாள். ஒன்றில் சைக்கிளில் போகிறாள். ஒன்றில் பாட்டுப் படிக்கிறாள். ஒன்றில் காய்ச்சலாய்க் கிடக்கிறாள், அங்கே விழுந்தால் மூன்று கட்டம் பின்னுக்குப் போக வேண்டும். நாங்கள் சோகி என்கிற சோழியை உருட்டி, புளியங்கொட்டையை நகர்த்தி விளையாடினோம். கடைசிக் கட்டத்தில் பெரிய கொண்டை போட்ட ஒருத்தி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“இவதான் வெண்டவவா?” என்று மச்சாள் கேட்டாள்.

“அப்படித்தான் போட்டிருக்கு.”

“எனக்குச் சைக்கிள் கட்டத்திலயே நிண்டாக் காணும், அது போதும்” என்றாள் மச்சாள். சின்னம்மா அதற்குச் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

இரண்டாம் நாள் அப்பா வந்து பார்த்தார். சோகி உருளுகிற சத்தம் அவருக்குச் சூதாகப் பட்டது. “பொம்பிளப் புள்ளைகளுக்கு என்ன சூது?” என்று சோகிகளை எடுத்து மடிக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். பிறகு நாங்கள் கடதாசித் துண்டில் எண் எழுதி, சுருட்டி எடுத்து விளையாடினோம். அந்தத் தாளின் மடிப்புகள் கிழியத் தொடங்கின. சின்னம்மா பழஞ்சோற்றுப் பசையால் ஒட்டித் தந்தா.

அந்தப் புத்தகங்களைப் பற்றி அவ சொன்னவை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தன, மெசினை மிதித்துக்கொண்டே.

ஜப்பானில் முதலில் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே சஞ்சிகைதான் இருந்ததாம். அதில் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு மூலை. பெண்கள் படிக்கிற பள்ளிக்கூடங்கள் கூடக்கூட, அவர்களுக்குத் தனிச் சஞ்சிகை வந்தது. பையன்களுடையதில் கடல், யுத்தம், தூர தேசம். பெண்களுடையதில் அடக்கம், தையல், நல்ல மனைவியாக நடப்பது எப்படி என்று ஆம்பிளைகள் எழுதின புத்திமதி.

“இதை வாசிக்கவா அதுகள் காசு குடுத்து வாங்கின?” என்று கேட்டேன்.

“இல்லடி. அதுங்க முதல்ல திறக்கிறது இந்தப் பக்கத்தை” என்று சின்னம்மா கடைசிப் பக்கங்களைக் காட்டினா. படம் இல்லை. எறும்பு ஊர்ந்ததுபோல மிகச் சின்ன எழுத்து. “இது வாசிக்கிற பிள்ளைங்களே எழுதி அனுப்பினது. சொந்தப் பேர் போடமாட்டாங்க. பூப் பேர், குருவிப் பேர். ஒரு ஊர்ப் பிள்ளை எழுதினா அடுத்த மாசம் இன்னொரு ஊர்ப் பிள்ளை பதில் எழுதும். முகம் பார்த்ததே இல்லை. ஆனா அக்கா, தங்கச்சி எண்டுதான் கூப்பிடுவாங்க.”

ஐந்தாவது புத்தகம் மற்றவைபோல இல்லை. மெல்லியது, பழுப்புத் தாள். அட்டையில் தலையில் துணி கட்டி, கால்சட்டை போட்ட ஒரு பிள்ளை, திடகாத்திரமாக, சிரிக்காமல் நின்றாள். யுத்தம் மூண்ட பிறகு, இந்தப் பெரிய கண்ணும் மெலிந்த உடம்பும் நாட்டுக்கு ஆகாது என்று அரசாங்கத்துக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம்.

“யார் இதையெல்லாம் உங்களுக்குச் சொன்ன?” என்று மச்சாள் கேட்டாள்.

“எங்க டீச்சர்.”

ஜப்பான்காரன் மலாயாவில் பள்ளிக்கூடங்களைத் திறந்து தன் பாஷையைப் படிப்பித்தபோது, ஜப்பானிலிருந்து வந்த ஒரு பெண் ஆசிரியை சின்னம்மாவின் வகுப்புக்கு வந்திருக்கிறா. புத்தகங்கள் அவவுடையவை. தோற்றுக் கப்பலேறும்போது சின்னம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனா. அவ்வளவுதான் எங்களுக்குச் சொன்னா. எங்களுக்கு அது போதுமாயிருந்தது. பெரியவர்களில் ஒருத்தர்கூட இந்தக் கேள்வியை அவவிடம் கேட்டதில்லை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

மழை விட்டு, தை பிறந்து, வெள்ளம் வடிந்தது. மச்சாள் போக மனமில்லாமல் எங்களோடேயே நின்றுவிட்டாள். சின்னம்மாவுக்குக் கலியாணப் பேச்சு வந்தது. அப்பா அதற்காகவே, சின்னம்மாவின் தகப்பனுக்குச் சேர வேண்டிய காணியில் இரண்டு அறையும் ஒரு குசினியுமாகச் சின்ன வீடொன்று கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடில்லாமல் கலியாணம் இல்லை, உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைக்காரர். கந்தோரில் கிளாக்கர். சாதுவான மனிதர். தாய் தகப்பன் இல்லாத அவரை வளர்த்தது அவருடைய அக்கா.

அவர்கள் வந்த நாள் வீடு முழுக்கப் பயற்றம் பணியார வாசம். பாதை என்று நாங்கள் சொல்கிற பலகைத் தெப்பத்தில் வாவியைக் கடந்து, மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய மாமன், அக்கா. அக்கா வெள்ளைச் சீலை, கறுப்புக் குடை. கலியாணம் முடித்து ஒரு வருடத்துக்குள் புருசனைப் பறிகொடுத்தவ. சிரிக்காத முகம். மச்சாளும் நானும் கதவுக்குப் பின்னால் நின்று அவவைப் பார்த்துப் பயந்தோம்.

வெற்றிலை வட்டா வைத்து, தேத்தண்ணி குடித்து, வீட்டைப் பார்த்து, எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அப்போது மாமன் தொண்டையைச் செருமினார்.

“கேக்கிறனெண்டு குறை நினைக்கப்படா. பொம்பிளையிட்ட ஜப்பான்காரன் குடுத்த புத்தகம் ஏதோ கிடக்காம். ஊருக்குள்ள கதை. மெய்தானா?”

அம்மா உடனே சொன்னா: “அப்பிடி ஒண்டும் இல்ல. சனம் சும்மா கதைக்கும்.”

“இருக்குங்க” என்றா சின்னம்மா.

எழும்பி உள்ளே போனா. ஐந்து புத்தகங்களையும் கொண்டுவந்து, பணியாரத் தட்டுக்குப் பக்கத்தில், மேசையில் வைத்தா.

“இதைத் தந்தது ஆம்பிளை இல்லீங்க. எங்க டீச்சர். அவங்களும் பொம்பிளைதான். எங்கண்ணனைச் சயாம் ரயில் ரோட்டு வேலைக்குப் பிடிச்சிட்டுப் போனது ஜப்பான்காரன். அண்ணன் திரும்பி வரல்ல. அன்னைக்கிலேர்ந்து தினமும் தன்னோட சோத்தில பாதியை எனக்குப் போட்டது இந்த டீச்சர். ரெண்டுமே நடந்ததுங்க. ஒண்ணைச் சொல்லி மற்றதை மறைக்க என்னால முடியாது.”

மாப்பிள்ளை தன் மணிக்கூட்டைப் பார்த்தார். மாமன், “எண்டாலும் அவங்கட புத்தகத்த வீட்டுக்குள்ள வெச்சிருக்கிறது...” என்று இழுத்தார்.

அக்கா கையை நீட்டினா. “இஞ்ச தாங்க, பாப்பம்.”

ஒன்றை எடுத்து மெல்லப் பக்கம் பக்கமாகப் புரட்டினா. படங்களைத் தாண்டிப் போனா. கடைசியில் வந்து நின்றா.

“இதென்ன, சின்னன் சின்னனா எழுதிக் கிடக்கு?”

“வாசிக்கிற பிள்ளைங்க எழுதினதுங்க.”

“என்ன எழுதி இருக்குதுகள்? உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?”

“கொஞ்சம் தெரியும். பெரிய எழுத்துக்குப் பக்கத்தில உச்சரிப்புப் போட்டிருப்பாங்க.”

“அப்ப வாசிங்க.”

சின்னம்மா விரலை வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் போய், தமிழில் சொன்னா. “ஒரு பிள்ளை எழுதுது. பனி விழுகிற ஊராம். வெள்ளைப் புறா எண்டு பேர் போட்டிருக்கு. ‘அக்காமாரே, இது என் கடைசிக் கடிதம். நாளைக்கு நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன். அப்பாவின் சாயக்கடையில் துணி அலச ஆள் இல்லை. நீங்கள் படிக்கிற பாடங்களைக் கொஞ்சம் இங்கே எழுதுவீர்களா? மாதம் ஒருமுறை வாசித்துக்கொள்வேன்.’ அவ்வளவுதாங்க.”

அக்கா புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மடியிலேயே வைத்திருந்தா.

“மறுகா? பிறகு ஆராவது எழுதினாங்களா?”

சின்னம்மா மாமனை ஒருதரம் பார்த்தா. “அடுத்த மாசப் புத்தகம் எங்கிட்ட இல்லீங்க” என்றா.

அக்கா எழும்பிக் குடையை எடுத்தா. “போவம்” என்றா. அவர்கள் போய்விட்டார்கள்.

சரிவராது என்று மாமனிடமிருந்து சொல்லி வந்தது. அன்றைக்கு அம்மா சின்னம்மாவைப் பேசிய பேச்சை நான் எழுதமாட்டேன். “ஒரு பொய் சொன்னா வாய் வெந்து போகுமா உனக்கு? இல்லையெண்டு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே” என்று கடைசியில் அம்மாவே அழுதா. அப்பா அரைவாசி கட்டின சுவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். புத்தகங்களை அடுப்புக்குள் போடப்போவதாக அம்மா சொன்னா. போடவில்லை. அதற்காக அம்மாவை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். கோபத்தில் எதையும் சொல்வா. பிறத்தியாருடைய பொருளில் கை வைக்கமாட்டா.

மாசி பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை, படலையடியில் கறுப்புக் குடை தெரிந்தது. அக்கா தனியாக வந்திருந்தா. அம்மா முகம் மலர்ந்து ஓடினா, தம்பிக்காரன் மனம் மாறிவிட்டார் என்று.

“கலியாணக் கதைக்கு வரல்ல” என்றா அக்கா. “அந்தப் புறாப் பிள்ளைட மிச்சத்தக் கேக்க வந்தனான்.”

அம்மாவுக்கு விளங்கவில்லை. உள்ளே போய்விட்டா. சின்னம்மா மெசினை நிறுத்திவிட்டு, பாயைத் தட்டிப் போட்டா. நாங்கள் இரண்டு பேரும் துணிக்குவியலுக்குப் பக்கத்தில் இருந்தோம்.

“அண்டைக்குப் பொய் சொன்னேங்க” என்றா சின்னம்மா. “புத்தகம் இல்லைங்கிறது உண்மை. மிச்சக் கதை எனக்குத் தெரியும். அவ்வளவு பேருக்கு நடுவில சொல்ல மனசு வரல்ல. வெள்ளைப் புறா எங்க டீச்சர்தாங்க.”

அக்கா வாயில் கையை வைத்தா.

“வேறொரு ஊர்ப் பிள்ளை, பணக்கார வீட்டுப் பிள்ளையாம், தன்னோட பாடக் கொப்பியெல்லாம் பார்த்தெழுதி மாசாமாசம் தபால்ல அனுப்பினாளாம். வருசக்கணக்கா. டீச்சர் சாயத் தொட்டியடியில வச்சுப் படிச்சாங்களாம். கொப்பி முழுக்க நீலக் கைரேகையாம். அப்படித்தான் சோதனை எழுதி டீச்சர் ஆனாங்க.”

“அந்தப் புள்ளைய மறுகா கண்டாவா?”

“இல்லீங்க. கடைசி வரைக்கும் காணல்லையாம்.”

அக்கா சொன்னா: “நான் அஞ்சாம் வகுப்போட நிண்டனான். அம்மா செத்துப் போனா. தம்பிக்கு ரெண்டு வயசு. பார்க்க ஆளில்ல. என்ட சிலேட்டில வெச்சுத்தான் அவனுக்குச் சோறு தீத்தினனான். எனக்குப் படிக்க விருப்பமா எண்டு இண்டு வரைக்கும் ஒருத்தரும் கேக்கல்ல. நானும் ஒருத்தரிட்டயும் சொல்லல்ல. உங்களிட்டத்தான் சொல்றன்.”

சிரிக்காத முகம் என்று நாங்கள் பயந்த முகம் அது. அழுதபோது சின்னப்பிள்ளை முகமாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவ வெள்ளிதோறும் வந்தா. நாங்கள் அவவை அக்கரை மாமி என்று கூப்பிடத் தொடங்கினோம். வரும்போது வாழையிலையில் சுற்றி ஆற்று மீன், தயிர்ச் சட்டி, பனங்கிழங்கு என்று எதையாவது கொண்டுவருவா. ஐந்து புத்தகத்தின் கடைசிப் பக்கங்களையும் சின்னம்மா ஒரு வரி விடாமல் வாசித்து முடித்தா. பிறகு மறுபடி முதலிலிருந்து. இரண்டு பேரும் ஆளையாள் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். என்ன பேர் வைத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியும். அது அவர்களுடையது, இங்கே சொல்லமாட்டேன்.

ஊர் இதற்கும் ஒரு கதை செய்தது. கலியாணத்தைக் குழப்பினவள் அக்கரை மாமிதான், தம்பியின் உழைப்பு கைவிட்டுப் போய்விடும் என்று செய்தாள் என்று. அம்மாவும் அதையே நம்பினா. கடைசியில் தம்பிக்காரர் வேறிடத்தில் முடித்துப் பெண்வீட்டோடு போனார். அக்கரை மாமி அந்தப் பெரிய வீட்டில் தனித்துப்போனா. அதன் பிறகும் அம்மாவின் மனம் இளகவில்லை. அவ வந்தால் தேத்தண்ணி கொடுப்பா. பேசமாட்டா. சின்னம்மா, சுவர் பூசி முடிந்ததும், தன் கலியாணத்துக்கென்று கட்டின வீட்டில் தனியாகவே குடிபுகுந்தா.

நான் படித்து ஆசிரியையாகி, கலியாணம் முடித்து, ஏறாவூர்ப் பக்கம் போய்விட்டேன். மச்சாள் தாதியானாள். பிறகு அந்தப் பெரிய சூறாவளி வந்தது. உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சின்னம்மா வீட்டுக் கூரையில் பாதி போனது. தகரப் பெட்டியை மூன்றாம் வீட்டு வளவில் கண்டெடுத்தார்கள். உள்ளே வெறும் கூழ். மை கரைந்து எல்லாம் ஒரே ஊதா நிறம். அதைச் சின்னம்மா தென்னம்பிள்ளை நடத் தோண்டின கிடங்கில் போட்டு மூடினாவாம். அழவில்லையாம்.

பாதைத் தெப்பம் ஓடாத அந்த நாட்களில், மீன்காரரின் தோணியில் ஏறி, ஒரு பையோடு அக்கரை மாமி வந்து நின்றா. நான் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

“என்ட வீட்டில ஓடு ஒண்டும் மிஞ்சல்ல” என்றா. “இஞ்ச?”

“இங்க பாதி இருக்கு.”

“பாதி காணும்.”

அதன் பிறகு அவ போகவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் அந்த இரண்டு அறை வீட்டில் இரண்டு பேரும் இருந்தார்கள். ஒருத்தி தைத்தா, மற்றவ பட்டன் கட்டினா. ஒழுங்கைப் பெண்பிள்ளைகள் பின்நேரங்களில் அங்கே போய்ப் பாடக் கொப்பியை வைத்துக்கொண்டு இருப்பார்கள். வீட்டு வேலை சொல்ல ஆளில்லாத இடமாக அது இருந்தது.

தம்பியின் மகளுக்கு இதையெல்லாம் சொன்னபோது அவள் போனில் தேடிப் பார்த்தாள். அந்தச் சஞ்சிகைகள் மெய்யாகவே இருந்திருக்கின்றன. நூறு வருடத்துக்கு மேலாகிறதாம் தொடங்கி. கடைசிப் பக்கத்துக் கடிதங்களை இப்போது பெரிய பெரிய படிப்பாளிகள் ஆராய்கிறார்களாம். “உங்கட சின்னம்மா இருந்திருக்கோணும் மாமி” என்றாள்.

சின்னம்மா செத்தது ஒரு பங்குனி மாதம், உச்சி வெயில் நேரம். மூச்சுக் கஷ்டம் இரண்டு நாள்தான். நான் போய்ச் சேர்ந்தபோது வீடு நிறைய ஆட்கள். தலைமாட்டில் சொந்தக்காரப் பெண்கள் முறைப்படி உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவுக்கு அப்போது எண்பதை நெருங்கிய வயது. கதிரையில் இருத்தியிருந்தோம். கண் சரியாகத் தெரியாது. அவ ஒவ்வொரு முகமாகத் துழாவிப் பார்த்துக்கொண்டிருந்தா.

“அவ எங்க?” என்று என்னைக் கேட்டா.

“ஆரு?”

“அவதான். அக்கரையாள்.”

மாமி குசினிக்குள் நின்றா. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா. அவ எங்களுக்கு ஒரு முறையிலும் சொந்தமில்லை, முன்னுக்கு வந்து இருக்க அவவுக்கு இடமில்லை. யாரும் அப்படிச் சொல்லவில்லை. யாரும் வா என்றும் சொல்லவில்லை.

அம்மா எழும்பினா. என் கையைத் தட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, குசினி வாசல் வரைக்கும் போனா. மாமியின் கையிலிருந்த கோப்பையைத் தடவி வாங்கினா.

“நீங்க ஏன்கா இஞ்ச நிக்கிறீங்க? நீங்க நிக்கிற இடமா இது?” என்றா. “வாங்க. தலைமாட்டில இருக்க வேண்டிய ஆள் நீங்கதான்.”

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, “கொஞ்சம் தள்ளி இரிங்க புள்ளைகள்” என்று சொந்தக்காரர்களை விலக்கி, சின்னம்மாவின் தலையருகே அவவை இருத்தினா. பிறகு அம்மா திரும்பித் தட்டித் தடவிக் குசினிக்குள் போய், மிச்சத் தேத்தண்ணியைத் தானே ஊற்றத் தொடங்கினா.